ஒன்பதாம் பாகத்துக் குளிர்

எங்கிருந்து தொடங்கினாலும் தப்பாகத்தான் சொல்லப்போகிறோம் என்று முத்திருளாயிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வழக்கமாகச் சாளை மீன் கூடைகள் இருக்கும் ஏலக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் சங்குமுனை ஊரே வந்து உட்கார்ந்திருக்க, எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் ஊர்க் கமிட்டித் தலைவர் கோட்டைச்சாமி முட்டியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "நடந்ததை நடந்தபடி சொல்லு தாயி, கூட்டாமக் குறைக்காமச் சொல்லு" என்றார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பாசி எடுக்கக் கடலுக்குள் இறங்கியவள் அவள். முப்பத்தைந்து வருஷத்தில் கடல் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கேள்வி கேட்ட மனிதர்களிடமெல்லாம் அவள் தப்பாகவே பதில் சொல்லியிருக்கிறாள். வலது காது வலித்தபோது டாக்டரிடம் பதற்றத்தில் இடது காது என்று சொல்லிவிட்டு, திருத்திச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பத்து நாள் நல்ல காதில் சொட்டு மருந்து விட்டுக் கெட்ட காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு கிடந்தவள்.

இன்றைக்குத் தப்பாகச் சொன்னால் காதோடு போகாது. கமிட்டி நோட்டில் ஆனி மாசமே எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்: கடலடிக்குப் போன ஒரு பெண்ணுக்கு உயிர் ஆபத்து வந்ததென்று தெரிந்தால், அன்றோடு சங்குமுனைப் பெண்கள் யாரும் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலில் இறங்கக்கூடாது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம்புத்தாய் அவள் தொடையைக் கிள்ளிக்கொண்டே காதுக்குள் ஊதினாள்.

"காத்து நின்னுபோச்சுன்னு மட்டும் சொல்லிராத மதினி. மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

"நின்னுச்சே?"

"நின்னுச்சுதான். அதத்தான் சொல்லாதங்கிறேன்."

பெண்களுக்குச் சிலிண்டர் வந்ததே ஆண்களின் வாயால்தான். கடலுக்கடியில் பவளப்பாறை செத்துக்கொண்டே வருகிறதென்று, சிமெண்டுத் தொட்டிகளை இறக்கி, அதில் பவளத்தைத் துண்டு துண்டாக நட்டு வளர்க்க ஒரு திட்டம் வந்தது. நடுவதற்கு ஆள் கேட்டபோது, டீக்கடை பெஞ்சில் இருந்த ஆண்கள், "நாத்து நடுறது பொம்பளைங்க வேலை" என்று சிரித்துக்கொண்டே கை காட்டிவிட்டார்கள். அப்படி மூன்று பேர் தேறினார்கள்: எதற்கெடுத்தாலும் பயப்படுகிற முத்திருளாயி, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற நம்புத்தாய், எதற்கெடுத்தாலும் சிலுவை போட்டுக்கொள்கிற மிக்கேலம்மாள். மூன்று பேரும் பாவாடைக்கு மேல் பாவாடை கட்டி, புருஷன்மாரின் முழுக்கைச் சட்டையை மாட்டி, விரல் விரலாகத் துணி சுற்றி, ரப்பர் செருப்பில் தகரத் தட்டை வெட்டிக் கட்டித் துடுப்பாக உதைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பாசி பறித்தே பாதி ஆயுளைக் கழித்தவர்கள்.

கற்றுக்கொடுக்கத் தூத்துக்குடியிலிருந்து சங்கு குளிக்கிற குடும்பத்து மாஸ்டர் ரெக்ஸ்லின் வந்தான். வந்த முதல் நாளே தலையில் கை வைத்துக்கொண்டான். சிலிண்டர் கட்டியவர்கள் செய்யவே கூடாத ஒரே தப்பு எதுவோ, அதைத்தான் இந்தப் பெண்கள் செய்தார்கள். வாயில் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு, முதுகில் ஒரு மணி நேரத்துக்கான காற்றைச் சுமந்துகொண்டு, பழக்க தோஷத்தில் மூச்சை அடக்கினார்கள்.

"மூச்ச விடுங்கக்கா! விட்டுக்கிட்டே இருங்கக்கா!" என்று அவன் கத்தினான். "அடியில இழுக்கிற காத்து அமுங்கின காத்து. அத அடக்கி வச்சிக்கிட்டு மேல வந்தீங்கன்னா, வர வர விரிஞ்சு, நெஞ்சு பலூன் மாதிரி வெடிச்சிரும். வரும்போது ஊதிக்கிட்டே வரணும்."

"அடக்குனாத்தான தம்பி பொம்பள? விட்டுக்கிட்டே வந்தா ஊரு என்ன சொல்லும்?" என்றாள் நம்புத்தாய்.

அடக்காதவள் முத்திருளாயி ஒருத்திதான். அதற்கு அவள் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் காரணமில்லை. குழாயைக் கடித்துக்கொண்டு கீழே போகும்போதும் அவள் வாய் சும்மா இராது. அடுப்பை அணைத்தேனா, கோழிக்கூட்டைச் சாத்தினேனா, சாவியை மாடத்தில் வைத்தேனா மருமகள் கையில் கொடுத்தேனா, இந்தக் குழாய் ஓட்டையோ, அந்தச் சுறா குட்டியோ தாயோ, முருகா, முனியய்யா, பால் பொங்கியிருக்குமே என்று அவள் முணங்குகிற முணங்கலெல்லாம் குமிழி குமிழியாக, அறுபடாமல், கட்டிய பூச்சரம் மாதிரி மேலே போய்க்கொண்டிருக்கும். "இந்த அக்காவைப் பாருங்க, இந்த அக்காவைப் பாத்துப் படிங்க" என்று மாஸ்டர் சொன்னபோது, வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் தன்னைப் பார்த்துப் படிக்கச் சொல்கிறாரே, இதில் என்ன வினை இருக்கிறதோ என்று அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

குளிர் வந்தது பங்குனி மூன்றாம் செவ்வாய்க்கிழமை. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அப்படி ஒன்பது பாகம் ஆழத்தில், தொட்டி வரிசையின் கடைசியில் நட்டுக்கொண்டிருந்தபோது நம்புத்தாயின் கை, தண்ணீருக்குள் இருந்த வேறொரு தண்ணீரில் இடித்தது. இந்தப் பக்கம் உலை வைத்த மாதிரி பங்குனிக் கடல். ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டினால், மீன் லாரியின் ஐஸ் பெட்டிக்குள் விட்ட மாதிரி எலும்பு வரைக்கும் விறைக்கிறது. நாலு வள்ளத்தை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு, உலகத்தின் உச்சியில் எங்கேயோ இருக்க வேண்டிய கடலில் ஒரு துண்டு, யாரோ அவசரத்தில் பார்சல் மாற்றி இறக்கிவிட்டுப் போனதுபோலச் சங்குமுனைக்கு நேரே வந்து உட்கார்ந்திருந்தது.

அது தன் குடித்தனத்தோடு வந்திருந்தது. பாறையெல்லாம் வெள்ளை வெளேரென்று பூக்கோசு பூத்திருந்தது. தொட்டால் அந்தப் பூ சுருங்கி, இரை விழுங்கி, மறுபடி விரிந்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடும் கம்பி நீளத்துக்குக் கால் வைத்த முள் நண்டுகள், வரி வசூலிக்க வந்தவர்கள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. பொக்கை வாயும் வீங்கிய கன்னமும் கொண்ட ஒரு விலாங்கு, பொந்துக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, வெற்றிலை கேட்கிற மாதிரி பார்த்தது. எலுமிச்சம்பழம் போல உருண்டையாக இருந்த குட்டி மீனொன்று வயிற்றில் ஒட்டும் வட்டத்தை வைத்துக்கொண்டு நீந்தத் தெரியாமல் தத்தித் தத்தி வந்து, முத்திருளாயியின் மணிக்கட்டில் காற்றளவு காட்டும் மீட்டரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றது. எல்லாவற்றுக்கும் பின்னால், குகை மாதிரி வளைந்த பாறைக்கு அடியில், செங்கல் நிறத்தில் மாடித் தண்ணீர்த் தொட்டி அளவுக்கு ஒரு பேய்க்கணவாய், எட்டுக் கையையும் மடித்து வைத்துக்கொண்டு, கூரையிலிருந்து தொங்கிய முட்டைச் சரங்களுக்குத் தண்ணீர் ஊதிக்கொண்டிருந்தது. நெருக்கித் தொடுத்த மல்லிகை மொட்டுச் சரம் போல நூற்றுக்கணக்கில் தொங்கின. அதைப் பேய் என்று கூப்பிட மனசு வராமல் அவர்கள் பெரியாத்தா என்று பேர் வைத்தார்கள்.

மிக்கேலம்மாள் இடுப்பில் தொங்கிய பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதிக் காட்டினாள்: 'இது நம்ம கடல் இல்ல.'

நம்புத்தாய் அதன் அடியிலேயே எழுதினாள்: 'இருந்துட்டுப் போகட்டும்.'

ஊரும் அதையேதான் சொன்னது. எப்படி வந்தது, ஏன் வந்தது என்று மாஸ்டர் ரெக்ஸ்லின் மட்டும் தடித்த புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டான். அலாஸ்கா என்றான், நார்வே என்றான், அப்புறம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கம்பளிச் சட்டை வாங்கப் புறப்பட்டான். டீக்கடையில் கேட்கப்பட்ட கேள்வி வேறு: எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை? திங்கள் வடக்குத் தெரு, செவ்வாய் கோயில் தெரு, புதன் சர்ச் தெரு என்று கோட்டைச்சாமி பிரித்துக் கொடுத்தார். அவரவர் முறைக்கு அவரவர் வள்ளத்தில் போய், பானையிலும் தூக்குவாளியிலும் மூடி இறுகக் கட்டி, எங்கள் கயிறு என்று தெரிய ஒரு கிழிந்த பாவாடைத் துணியை அடையாளத்துக்கு முடிந்து, ஒன்பது பாகத்துக்கு இறக்கிவிட்டு வந்தார்கள். பழைய கஞ்சி குளிர்ந்து வந்தது, பன்னீர் சோடா குளிர்ந்து வந்தது, அம்மன் கோயிலுக்கு அரைத்த சந்தனம் குளிர்ந்து வந்தது. ஐஸ் கம்பெனி வைத்திருந்த சேக் தாவூது முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், இரண்டாம் வாரம் ஒரு ரோஸ்மில்க் பாட்டிலைக் கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டு வந்து, "எனக்கு எந்தக் கிழமை?" என்று கேட்டார்.

ஆண்கள் வலை விட்டுப் பார்த்தார்கள். வலை மொறமொறவென்று அப்பளம் மாதிரி விறைத்து மேலே வந்து, வெயில் பட்டதும் சொட்டி, வெறுமையாகக் கிடந்தது. ஒன்றுமே சிக்கவில்லை. குதித்துப் பார்த்த இரண்டு பேர் கால் இழுத்துக்கொண்டு கத்தினார்கள். கீழே போய்வரத் தெரிந்தவர்கள் அந்த மூன்று பெண்கள்தான் என்று ஆனது. மாஸ்டர் தனக்கு வாங்கிய கம்பளிச் சட்டையோடு, கடையில் பல வருஷமாக விற்காமல் கிடந்த குரங்குக் குல்லாய்களையும் அள்ளிக்கொண்டு வந்தான். சித்திரை வெயிலில், நாய்கூட நிழலை விட்டு நகராத நேரத்தில், மூன்று பெண்கள் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு, முதுகில் சிலிண்டரோடு கடற்கரை மணலில் ராஜநடை நடந்து போவதைப் பார்த்துச் சிரித்த ஊர், பத்தே நாளில் சிரிப்பதை விட்டுவிட்டு வழிவிடத் தொடங்கியது. திரும்பி வரும்போது பெண்கள் கூட்டம் அவர்களைச் சூழ்ந்துகொள்ளும். கிழட்டு விலாங்கு சௌக்கியமா, பெரியாத்தா இன்றைக்காவது ஏதாவது தின்றாளா?

"எங்க தின்னா! வாய்க்கு நேரா நண்ட நீட்டுறேன், தட்டிவிடுறா. முட்டைய விட்டு ஒரு விரக்கட நகர மாட்டேங்கிறா. புள்ள பெத்துப் பாலுகுடி மறக்கிற வரைக்கும் வாயக் கட்டுற சாதி போல" என்பாள் நம்புத்தாய். ஊரில் ஆறு பிரசவத்துக்கு ஆட்டோவில் கூடவே போய், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். "இவ பிரசவத்தையும் நான் பாக்காம விடப்போறதில்ல."

கீழே போக முடியாதவர்களுக்கு மீசைக்காரர் இருந்தார். வழவழவென்று, புள்ளி போட்ட சாம்பல் நிறக் கடல்நாய் அது. தினமும் பதினோரு மணிக்குக் குளிருக்குள்ளிருந்து மூச்செடுக்க மேலே வரும், சூரியனைப் பார்க்கும், ஏசி ரூமை விட்டு மதியம் வெளியே வந்த ஆபீசர் மாதிரி முகத்தைச் சுளிக்கும், உடனே உள்ளே போய்விடும். "மீசைக்காரர் வந்துட்டுப் போயிட்டார், இன்னும் உலை வைக்கலையா?" என்று மாமியார்கள் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கோடையில் தீவுப்பக்கம் முழுக்கப் பவளம் வெளுத்துச் செத்தபோது, குளிரின் ஓரத்தில் இவர்கள் நட்டது மட்டும் மஞ்சளும் ஊதாவுமாகத் துளிர்த்து, தொட்டி விளிம்பைத் தாண்டி வளர்ந்தது.

கோட்டைச்சாமி கெட்டவர் இல்லை. பயந்தவர். ஆனி மாசம் மிக்கேலம்மாள் உதடு நீலமாகி, விரல் மடங்காமல் மேலே வந்து, அவளை மணலில் போட்டுத் தேய்த்தபோது அவர் பக்கத்தில் நின்றார். அன்று மத்தியானமே கமிட்டி கூடி அந்த வரியை எழுதியது. "ஒருத்தி செத்தபிறகு மாலை போடுறதுக்கு நான் தலைவர் இல்ல" என்றார் அவர். அந்த வரி நோட்டில் ஏறிய நாளிலிருந்து முத்திருளாயியின் முணங்கலில் ஒன்று கூடிவிட்டது: நம்மால் இவர்கள் எல்லோருக்கும் கடல் இல்லாமல் போய்விடக்கூடாதே, முருகா. அறுபது பெண்கள் இருந்தார்கள் ஊரில். இருபது பேர் அடுத்த வகுப்புக்குப் பேர் கொடுத்திருந்தார்கள்.

புரட்டாசி பிறந்து நாலாம் நாள். மாஸ்டர் தங்கச்சிக்கு வளைகாப்பு என்று தூத்துக்குடி போயிருந்தான். மிக்கேலம்மாளுக்குச் சளிப் பிடித்துக் காது அடைத்திருந்ததால் அவள் வள்ளத்தில் கயிறு பிடித்து உட்கார்ந்திருக்க, மற்ற இரண்டு பேரும் இறங்கினார்கள். இறங்கும்போதே முத்திருளாயி தொடங்கிவிட்டாள், அடுப்பில் பால் வைத்தேன், அணைத்தேனா இல்லையா, அணைத்த மாதிரிதான் இருக்கிறது, அணைத்திருந்தால் ஏன் அணைத்த மாதிரி இருக்கிறது என்று தோன்ற வேண்டும்?

குளிருக்குள் நுழைந்ததும் அந்த முணங்கலே நின்றுபோனது. பெரியாத்தாளுக்கு வலி கண்டிருந்தது. அவள் மெலிந்து, நிறம் வெளுத்து, துவைத்துப் பிழிந்து போட்ட சேலை மாதிரி கிடந்தாள். ஆனாலும் கடைசிப் பலத்தையும் கூட்டி முட்டைச் சரங்கள் மேல் தண்ணீர் ஊத, ஒவ்வொரு ஊதலுக்கும் ஒரு சரம் அவிழ்ந்தது. அரிசிமணி அளவுக்கு, எட்டுக் கையோடும் இரண்டு கண்ணோடும், கண்ணாடிக் குஞ்சுகள் ஆயிரம், பத்தாயிரம் என்று, கொல்லன் பட்டறையில் பொறி பறக்கிற மாதிரி மேலே பறந்தன. நண்டுகள் நடப்பதை நிறுத்தின. கிழட்டு விலாங்கு பொந்தை விட்டு முழு நீளத்துக்கும் வெளியே வந்து பார்த்தது. மீசைக்காரர் தலைகீழாக நின்றார். நம்புத்தாய் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, பொறி மழைக்கு நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். குளிருக்குள் ஐந்து நிமிஷம்தான் என்று மாஸ்டர் சொல்லியிருந்த இடத்தில் பத்து ஆனது, பதினைந்து ஆனது. முத்திருளாயி சட்டையைப் பிடித்து இழுத்தாள், மீட்டரைத் தட்டிக் காட்டினாள், மீட்டரில் உருண்டை மீன் ஒட்டிக்கொண்டு முள்ளை மறைத்தது, அதைப் பிய்த்தெடுத்து மறுபடி காட்டினாள். நம்புத்தாய் திரும்பவே இல்லை.

அப்போதுதான் அவள் குழாயில் பனி பிடித்தது. குளிரில் உள்ளே இருக்கும் வால்வு உறைந்து, மூட முடியாமல், காற்று நிற்காமல் கொட்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தான். அப்படியே கொட்டியது. நம்புத்தாயின் முகத்தைச் சுற்றி வெள்ளைக் குமிழிப் புயல் அடித்து, முத்திருளாயி தன் சிலிண்டரோடு தொங்கிய உதிரிக் குழாயைத் தேடி எடுப்பதற்குள் சிலிண்டர் காலி. நம்புத்தாய் குழாயைத் துப்பினாள். துப்பிவிட்டு, முப்பது வருஷமாக என்ன செய்தாளோ அதைச் செய்தாள்: வாயை இறுக மூடினாள், கண்ணை மூடினாள், நெஞ்சு நிறைய ஒன்பது பாகத்துக் காற்றை அடக்கிக்கொண்டு, தகரத் துடுப்பால் தரையை ஓங்கி ஒரு உதை உதைத்தாள்.

முத்திருளாயி அந்தத் தகரத்தைப் பிடித்துவிட்டாள். பிடித்து இழுத்து, உதிரிக் குழாயை அவள் வாயில் திணித்தாள். வாய் திறக்கவில்லை. இரும்புப் பெட்டி மாதிரி மூடியிருந்தது. விரலை விட்டு நெம்பிப் பார்த்தாள், வயிற்றில் குத்தினாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய குழாயும் ஒரு தடவை இருமி, பொலபொலவென்று கொட்டத் தொடங்கியது. இரண்டு பேருக்கும் இனி இருப்பது நெஞ்சில் இருப்பதுதான். அதை விட்டுக்கொண்டே போனால் மேலே போகலாம், அடக்கினால் வெடிக்கும். முத்திருளாயி விடுவாள், விடாமல் இருக்கத்தான் அவளுக்குத் தெரியாது. நம்புத்தாய் விடமாட்டாள்.

பயந்தவர்களுக்குப் பயம் முற்றினால் ஒரு இடத்தில் மூளை தெளிந்துவிடும்போலிருக்கிறது. எந்த இடத்திலும் நம்புத்தாயைத் தவறாமல் வாய் திறக்க வைக்கிற சங்கதி எது என்று முத்திருளாயிக்குப் பளிச்சென்று தெரிந்தது. குழாயைத் துப்பினாள். நம்புத்தாயின் குல்லாவை இரண்டு கையாலும் பிடித்து, முகக்கண்ணாடியோடு முகக்கண்ணாடி முட்ட வைத்து, வெறும் வாயால், தண்ணீருக்குள், சாகப்போகிற நிமிஷத்தில், தினமும் சொல்வதையே சொன்னாள்:

"அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேன்டி!"

நம்புத்தாய் கண்ணைத் திறந்தாள். இந்த வார்த்தையை அவள் வள்ளத்தில் கேட்டிருக்கிறாள், சந்தையில் கேட்டிருக்கிறாள், தன் புருஷன் செத்த வீட்டில் ஒப்பாரிக்கு நடுவில்கூடக் கேட்டு முந்தானைக்குள் சிரித்திருக்கிறாள். இங்கேயுமா? ஒன்பது பாகத்தில், பத்தாயிரம் குஞ்சுக்கு நடுவில், காற்றில்லாமல் நிற்கும்போதுமா? உதடு துடித்தது. கன்னம் உப்பியது. அப்புறம் மடை உடைந்த மாதிரி சிரிப்பு பீறிட்டு, அடக்கி வைத்த காற்றெல்லாம் பெரிய பெரிய குமிழியாக வெளியே வந்தது.

அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் மேலே போயாக வேண்டும். ஒருத்தியை ஒருத்தி இடுப்போடு கட்டிக்கொண்டு எழும்பினார்கள். தன் சின்னக் குமிழியை முந்தக்கூடாது என்று மாஸ்டர் சொன்னது ஞாபகம் வந்து, முத்திருளாயி குமிழியைப் பார்த்துப் பார்த்து மெதுவாக உதைத்தாள். எட்டாம் பாகத்தில் பால், ஏழாம் பாகத்தில் மருமகள் வாசல் தெளித்தாளா, ஆறாம் பாகத்தில் கோழி, ஐந்தாம் பாகத்தில் சாவி. சொல்லச் சொல்லக் காற்று தீர வேண்டும் அல்லவா, தீரவில்லை. விட விட நெஞ்சில் விரிந்து ஊறியது, கவலை மாதிரியே. நம்புத்தாய் ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள். அவர்களைச் சுற்றிக் குஞ்சுகள் பொறியாகப் பறந்து வந்தன. மீசைக்காரர் மணி பதினொன்று ஆகாமலேயே கூட வந்தார்.

வள்ளத்தில் இருந்த மிக்கேலம்மாள் முதலில் கேட்டது குமிழிகள் உடைகிற சத்தம். ஒவ்வொரு குமிழி உடையும்போதும் அதற்குள் ஒரு வார்த்தை இருந்தது. 'பால்' என்றது ஒன்று. 'அடுப்பு' என்றது இன்னொன்று. நம்புத்தாயின் சிரிப்பு மூன்று நாலு குமிழியில் சிதறி வந்தது. மிக்கேலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பையிலிருந்து போனை எடுத்து, முத்திருளாயியின் மருமகளைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, உங்க அத்தை கீழயிருந்து சொல்லிவிட்டிருக்கா. அடுப்பப் பாரு."

தலைகள் இரண்டும் தண்ணீருக்கு மேலே வந்தபோது பதில் வந்திருந்தது. முப்பத்தைந்து வருஷக் கவலையில் முதன்முதலாக அன்றைக்குத்தான் அடுப்பு நிஜமாகவே எரிந்துகொண்டிருந்தது. சின்னத் தீயில் இருந்ததால் இரண்டு லிட்டர் பாலும் பொங்காமல் சுண்டி, அடிப்பிடிக்கப் போகிற நிமிஷத்தில், பொன்னிறத்தில் பால்கோவாவாக இறங்கியிருந்தது.

அந்தச் சட்டி இப்போது ஏலக்கூடத்தில் மிக்கேலம்மாள் மடியில் இருந்தது. கரையில் வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்ற யாரோ நீலம் பாரித்த முகங்களைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருந்தார்கள், அதனால்தான் கூட்டம்.

"சொல்லு தாயி" என்றார் கோட்டைச்சாமி மறுபடி. "கீழ என்ன நடந்துச்சு? காத்து நின்னுச்சா, நிக்கலையா?"

பின்னால், கமிட்டி அந்தப் பழைய வரியை அடித்துவிட்டு வேறு வரி எழுதியது: சங்குமுனையில் முணங்கத் தெரியாத யாரும் சிலிண்டர் கட்டி இறங்கக்கூடாது, முணங்கக் கற்றுக்கொண்டதை முத்திருளாயி காதால் கேட்டுச் சரி என்று சொல்ல வேண்டும். ஏலம் முடிந்த பிற்பகல்களில் அதே கூடத்தில் இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மாமியாரையும் மண்ணெண்ணெயையும் மழையையும் மூச்சு விடாமல், இல்லை, மூச்சை விட்டு விட்டு, முணங்கிப் பழகினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்தவள் கோட்டைச்சாமியின் மனைவி. புருஷனைப் பற்றி முணங்க அவளிடம் ஒரு சிலிண்டருக்கும் மேலேயே இருந்தது. குஞ்சு பொரித்த கையோடு பெரியாத்தா செத்துப்போயிருந்தாலும், அந்தக் குகையில் அடுத்த பங்குனிக்கு அவள் பிள்ளைகளில் ஒருத்தி செங்கல் நிறத்தில் குடிவந்தாள்.

அதெல்லாம் பிறகு. இப்போது ஊர் முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நம்புத்தாய் தொடையில் கிள்ளினாள், சொல்லிராத, சொல்லிராத என்று. சொல்லாமல் விட்டால் தப்பிக்கலாம். பொய்கூட இல்லை, கொஞ்சம் அடக்கினால் போதும். முத்திருளாயி அடக்கிப் பார்த்தாள். நெஞ்சுக்குள் அது விரிந்தது. இன்னும் விரிந்தது. விலா எலும்பில் போய் முட்டியது. ஐயோ, மேலே வரும்போது வெடிக்கும் என்று மாஸ்டர் சொன்னாரே, நாம் இன்னும் மேலே வந்து சேரவில்லையா என்று அவளுக்குத் திக்கென்றது. கோட்டைச்சாமியைப் பார்த்தாள். மிக்கேலம்மாள் மடியில் இருந்த சட்டியைப் பார்த்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

வாயைத் திறந்து, ஒன்றையும் அடக்காமல், காற்று நின்றதையும் சேர்த்தே எல்லாவற்றையும் விட்டுவிடுவதென்று, பாலிலிருந்து ஆரம்பித்தாள்.

"அன்னைக்குக் காலையில அடுப்புல பால வச்சிட்டு வந்துட்டேண்ணே…"

பக்கத்தில் நம்புத்தாயின் கன்னம் உப்பத் தொடங்கியது.